ஒரு வார வள்ளல்கள்

தொடக்கப் பள்ளிகளில் நடக்கும் 'கொடுத்தல் வாரம்' பிள்ளைகளுக்கு ஈகையைக் கற்றுத்தருகிறது என்பது இன்று ஏறக்குறைய யாரும் மறுத்துப் பேசாத கருத்து. பேசினால் கல்நெஞ்சன் என்று பெயர் வரும். வந்தால் வரட்டும். இந்த வாரம் ஈகையைக் கற்றுத்தரவில்லை. கொடுப்பதுபோல் தோன்றுவது எப்படி என்பதைக் கற்றுத்தருகிறது. அதையும் நன்றாகவே கற்றுத்தருகிறது என்பதுதான் எனக்குக் கவலை.

எந்த வாரம் என்று கேட்பவர்களுக்கு: 2009இல் 'ஜாய் ஆஃப் கிவிங் வீக்' என்று தொடங்கி, பிறகு 'தான் உத்சவ்' என்று பெயர் மாறி, காந்தி பிறந்தநாளை ஒட்டி அக்டோபர் 2 முதல் 8 வரை நாடெங்கும் கொண்டாடப்படும் வாரம். நம் ஊரில் அந்த நாட்கள் காலாண்டு விடுமுறையிலோ ஆயுத பூஜையிலோ போய் விழுந்துவிடுவதால், தனியார் பள்ளிகள் தங்கள் வசதிக்கு முன்னே பின்னே தள்ளிக்கொள்கின்றன. பெயரையும் மாற்றிக்கொள்கின்றன. நிகழ்ச்சி நிரல் மட்டும் பெரும்பாலும் மாறுவதில்லை. திங்கள்கிழமை நற்பண்புக் கதை. செவ்வாய்க்கிழமை யோகா. புதன்கிழமை சார்ட் பேப்பரில் நன்றி மரம், அதில் ஒட்டுவதற்கு முந்தின இரவு அம்மா வெட்டிக்கொடுத்த இலைகள். வியாழக்கிழமை அரிசி, பருப்பு, பழைய துணி, பொம்மை வசூல். வெள்ளிக்கிழமை பள்ளி வேனில் ஒரு முதியோர் இல்லத்துக்கோ குழந்தைகள் இல்லத்துக்கோ பயணம், பாட்டு, புகைப்படம். கல்வி, நலம், கொடை மூன்றும் ஐந்து நாளில் முடிந்துவிடும். சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ்.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு வைத்துவிடுகிறேன். ஐந்து வயதிலிருந்து பத்து வயதுக்குள் பழகுவதுதான் மனதில் நிற்கும்; ஆகவே ஈகையை அப்போதே பழக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று ஆகிவிட்ட காலத்தில் பங்கு போட்டுத் தின்ன அண்ணன் தம்பி கிடையாது. அந்தக் குறையைப் பள்ளிதான் ஈடுகட்ட வேண்டும். மதிப்பெண் ஓட்டத்தில் மூச்சு வாங்கும் பிள்ளைக்கு இந்த வாரம் ஓர் இளைப்பாறல். வாங்குகிறவர்களுக்கு எப்படியும் அரிசி கிடைக்கிறது. கொடுத்தவர் மனதைத் தோண்டிப் பார்த்து யாருக்கு என்ன லாபம்? கடைசியாக, ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

இவற்றில் முதல் இரண்டும் உண்மை. அந்த உண்மைதான் இந்த வாரத்துக்கு எதிரான முதல் சாட்சி. சிறு வயதில் பழகுவது நிற்கும் என்றால், தப்பாகப் பழகுவதும் நிற்கும்.

ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். "இந்தக் கூத்தெல்லாம் எதற்கு, போர்ஷனை முடிக்கச் சொல்லுங்கள்" என்று பெற்றோர் கூட்டத்தில் எழுந்து பேசும் அப்பாக்களின் கட்சியில் நான் இல்லை. அவர்களுக்கும் நாலாவது மறுப்பில் பதில் இருக்கிறது.

1. கொடுப்பது யார்?

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இரவு எட்டரை மணிக்கு வரும் செய்தியைப் பாருங்கள். நாளை ஒவ்வொரு குழந்தையும் ஒரு கிலோ அரிசி, அரை கிலோ துவரம் பருப்பு, ஒரு பிஸ்கட் பாக்கெட் கொண்டுவர வேண்டும். பாக்கெட் பிரிக்காததாக இருக்க வேண்டும். ரேஷன் அரிசி வேண்டாம். அப்போதுதான் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிய அப்பா மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு மூலைக்கடைக்கு ஓடுகிறார். பிள்ளை தூங்கிவிட்டது. காலையில் பைக்குள் பொட்டலம் இருக்கிறது. பள்ளியில் பையிலிருந்து அட்டைப்பெட்டிக்குப் போகிறது. முடிவு செய்தது பள்ளி, காசு போட்டது அப்பா, கட்டிக்கொடுத்தது அம்மா. இந்த முழுக் காரியத்தில் பிள்ளைக்குக் கிடைத்த வேலை சுமைகூலி வேலை மட்டும், அதுவும் கூலியில்லாமல். தன்னிடமிருந்து எதுவும் குறையாதபோது கொடுத்தோம் என்ற உணர்வு எங்கிருந்து வரும்?

இது என் ஊகம் மட்டுமில்லை. கனடாவில் லாரா ஆக்னின், கைலி ஹாம்லின், எலிசபெத் டன் ஆகிய மூவரும் இரண்டு வயதுகூட நிறையாத குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2012இல் வெளியிட்டார்கள். தின்பண்டம் வாங்கும்போது குழந்தையின் முகம் மலர்கிறது; அதை ஒரு பொம்மைக்குக் கொடுக்கும்போது இன்னும் மலர்கிறது. நம் விஷயத்துக்கு வேண்டியது அடுத்த முடிவு. ஆய்வாளர் எடுத்து நீட்டிய பண்டத்தைக் கொடுத்தபோது இருந்ததைவிட, தன் கிண்ணத்தில் இருந்த பண்டத்தை எடுத்துக் கொடுத்தபோதுதான் மகிழ்ச்சி கூடுதலாக இருந்தது. சிறிய ஆய்வுதான், அதை வைத்து உலகத்தை அளக்க வேண்டாம். ஆனால் இன்னொருவர் கையில் வைத்ததைக் கடத்திவிடுவதும் தன்னுடையதைக் கொடுப்பதும் வேறு வேறு என்பது நடக்கப் பழகும் குழந்தைக்கே தெரிந்திருக்கிறது. பள்ளிக்குத்தான் தெரியவில்லை.

அந்தச் செய்தியின் கடைசி வரிக்கு வருவோம். ரேஷன் அரிசி வேண்டாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவுப்படி தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினருக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கும் ஒதுக்க வேண்டும். அந்த இடத்தில் சேர்ந்த பிள்ளை அதே வகுப்பில், அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. அதன் வீட்டில் உலையில் விழுவது ரேஷன் அரிசி. நீ தினமும் சாப்பிடுவது பிறருக்குக் கொடுக்கத் தகாதது என்று வகுப்பாசிரியை எழுதி அனுப்பியிருக்கிறார். ஒன்று, அந்த அம்மா கடன் சொல்லிப் பொன்னி அரிசி வாங்க வேண்டும். இல்லையென்றால் பிள்ளை அன்று வயிற்றுவலி என்று வீட்டிலேயே இருக்க வேண்டும். கருணை வாரத்தின் வியாழக்கிழமையன்று ஒரு வகுப்பில் யார் யார் லீவு என்று வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும் தலைமையாசிரியருக்கு நிறைய விளங்கும்.

தன்னுடையதைக் கொடுக்கும் வழக்கம் நமக்குப் புதிதும் இல்லை. பிடியரிசி என்று ஒன்று இருந்தது. உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். கோயிலுக்கும் போயிருக்கிறது, தேவாலயத்துக்கும் போயிருக்கிறது, ஏழை மாணவர் விடுதிக்கும் போயிருக்கிறது. எடுத்தது அன்றைய சோற்றிலிருந்து. எடுத்தது தினமும். யார் பானையில் எவ்வளவு என்று பலகையில் எழுதிவைக்கவில்லை. எந்த அரிசி என்று யாரும் கேட்கவும் இல்லை.

2. வாங்குகிறவரிடம் யாராவது கேட்டார்களா?

முதியோர் இல்லம் நடத்துபவர்களிடம் பேசிப் பார்த்தால் ஒரே புலம்பல்தான். அக்டோபரிலிருந்து புத்தாண்டு வரை பிஸ்கட் மலைபோல் குவியும். சர்க்கரை நோயாளிகள் பாதிப் பேர் இருக்கும் இடத்தில் கிரீம் பிஸ்கட். பிப்ரவரியில் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. இல்லத்துக்கு வேண்டியது பெரியவர்களுக்கான டயபர், மாத்திரைச் செலவு, கண் பரிசோதனைக்கு அழைத்துப்போக ஒரு வண்டி. இவை பட்டியலில் வருவதில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை கையில் டயபர் பாக்கெட்டோடு நின்றால் படம் நன்றாக இருக்காது.

வெள்ளிக்கிழமைப் பயணத்தின் உள்ளடக்கம் என்ன? நாற்பது பிள்ளைகள் வரிசையாக நுழைகிறார்கள். மூன்று பாட்டுப் பாடுகிறார்கள். தாத்தாக்களும் பாட்டிகளும் கைதட்ட வேண்டும், தட்டுகிறார்கள். பொட்டலம் கைமாறும் நேரத்தில் கேமரா வருகிறது. கொடுப்பவரும் வாங்குபவரும் பொட்டலத்தைப் பிடித்தபடி ஒரு கணம் உறைந்து நிற்க வேண்டும். சரியாக வரவில்லையென்றால் திரும்பக் கொடுத்துவிட்டு மறுபடி வாங்க வேண்டும். முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்து வேன் கிளம்பும்போது, பிள்ளைகளில் ஒருவருக்காவது ஒரு பாட்டியின் பெயர் தெரிந்திருக்குமா? பெயர் தெரியாத ஒருவரிடம் காட்டியது அன்பு என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்.

குழந்தைகள் இல்லம் என்றால் விஷயம் இன்னும் மோசம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளமும் படமும் வெளியே போகாமல் காக்க, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவில் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. அந்தச் சட்டத்தின் அக்கறை என்ன என்பதைப் பள்ளி நிர்வாகம் ஒருமுறை யோசித்திருந்தால், எட்டு வயதுப் பெண் குழந்தை பழைய பாவாடையைக் கையில் வாங்கும் படம் பள்ளியின் முகநூல் பக்கத்துக்குப் போயிருக்காது. அந்தப் படத்தில் தன் பள்ளித் தோழி ஒருத்தி தன்னைப் பார்த்துவிடுவாளோ என்று அந்தக் குழந்தை அஞ்சுவதைக் கற்பனை செய்வதற்குத்தானே கருணை என்று பெயர்?

மூன்றாவது வகைப் பயணம், அரசுத் தொடக்கப் பள்ளிக்குப் போய் நோட்டும் பென்சிலும் கொடுப்பது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பிள்ளைக்குப் பாடநூல், நோட்டு, சீருடை, புத்தகப்பை, காலணி, கிரேயான் எல்லாம் அரசு தருகிறது. அதே நோட்டைத் தனியார் பள்ளிப் பிள்ளைகள் கொண்டுவந்து கொடுக்க, அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. இரு தரப்புப் பிள்ளைகளும் சேர்ந்து அரை நாள் கபடி விளையாடியிருந்தால் யாருக்கு என்ன கெட்டுவிடும்? ஆனால் கபடியில் அரசுப் பள்ளி ஜெயித்துவிடும். வள்ளல்கள் தோற்று வீடு திரும்பும் கொடுத்தல் வாரத்தை எந்த கரஸ்பாண்டென்ட்டும் விரும்ப மாட்டார்.

அதே அரசுப் பள்ளிக்கு ஊரார் கல்விச் சீர் கொண்டுவருவதைப் பார்த்திருப்பீர்கள். மேளதாளத்தோடு, தட்டுத் தட்டாக. நோட்டு, மின்விசிறி, நாற்காலி, உலக உருண்டை, சில ஊரில் பீரோ வரைக்கும். நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மா தலையில் பிளாஸ்டிக் நாற்காலியைச் சுமந்து வருவார். அங்கே அரசுப் பள்ளிப் பிள்ளையின் வீடு கொடுக்கிற வீடு. தாய்மாமன் சீர் கொண்டுவரும் தோரணையில் தலை நிமிர்ந்து வருகிறார்கள். பள்ளி கைகூப்பி வாங்குகிறது. அதிலும் ஆடம்பரம் உண்டு, மைக் செட் உண்டு, அரசியல் பிரமுகர் உண்டு. ஆனால் தன் பிள்ளை தினமும் உட்காரும் நாற்காலியைத் தானே சுமந்து வருகிறவரை யாரும் பயனாளி என்று அழைக்க முடியாது.

3. பரிசு எதற்கு?

அதிக அரிசி கொண்டுவந்த வகுப்புக்குக் கேடயம், கொண்டுவந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 'குட்டி வள்ளல்' சான்றிதழ், கன்னத்தில் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர். ஊக்கம் கொடுத்தால்தானே பழக்கம் வரும் என்கிறார்கள்.

வராது, இருப்பதும் போகும். 1973இல் ஸ்டான்போர்டில் மார்க் லெப்பரும் உடன் பணியாற்றியவர்களும் படம் வரைவதில் பிரியமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். வரைந்தால் பரிசுச் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்த குழந்தைகள், ஒன்றிரண்டு வாரம் கழித்து வரையும் பேனாக்கள் மறுபடி கிடைத்தபோது, பரிசு ஆசை காட்டப்படாத குழந்தைகளின் அளவில் பாதி நேரம்தான் அதில் செலவிட்டார்கள். 2008இல் ஃபெலிக்ஸ் வார்னெக்கனும் மைக்கேல் டொமசெல்லோவும் இதையே உதவும் குணத்தில் சோதித்தார்கள். இருபது மாதக் குழந்தை, கை எட்டாமல் தவிக்கும் பெரியவருக்குத் தானாகவே பொருளை எடுத்துக் கொடுக்கும். அப்படிக் கொடுத்ததற்குப் பரிசுப் பொருள் வாங்கிப் பழகிய குழந்தைகள், பரிசு நின்ற பிறகு, எதுவும் வாங்காத குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவின. வாயால் பாராட்டியதில் அந்தக் கெடுதல் இல்லை.

ஆக, சும்மா கொடுத்துக்கொண்டிருந்த பிள்ளைக்குக் கூலி கேட்கக் கற்றுத்தருகிறோம். மழைநாளில் குடைக்குள் தோழியை இழுத்துக்கொள்ளும், ரப்பரைப் பாதியாக ஒடித்துத் தரும் ஆறு வயதுப் பிள்ளையிடம் போய்ச் சான்றிதழை நீட்டுகிறோம். சான்றிதழ் இல்லாத வாரங்கள் வருஷத்தில் எத்தனை என்று அதற்கும் எண்ணத் தெரியும்.

4. நலம் என்பது படிப்புக்கு விடுமுறையா?

இந்த மறுப்பு இரண்டு தரப்புக்கும். போர்ஷன் அப்பாக்கள் நலம் படிப்பைத் தின்றுவிடும் என்கிறார்கள். கொடுத்தல் வாரக்காரர்கள் படிப்பு நலத்தைத் தின்றுவிட்டது, ஒரு வாரம் இளைப்பாறட்டும் என்கிறார்கள். சண்டை போடுவதுபோல் தெரிகிறதே தவிர இருவரும் ஒரே கருத்தில்தான் நிற்கிறார்கள்: படிப்பு வேறு, நலம் வேறு, ஒன்றை எடுத்தால் மற்றது குறையும்.

குறையாது. மனநலம், பிறரோடு பழகும் திறன் ஆகியவற்றைப் பள்ளியில் கற்பிக்கும் 213 திட்டங்களை, அவற்றில் பங்கேற்ற 2,70,034 மாணவர்களின் தரவுகளோடு ஜோசப் டுர்லாக் குழுவினர் தொகுத்துப் பார்த்து 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பங்கேற்ற மாணவர்களின் கல்வி அடைவு மற்றவர்களைவிடச் சதமான வரிசையில் 11 புள்ளி முன்னே போயிருந்தது. போர்ஷன் அப்பாக்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். கொடுத்தல் வாரக்காரர்கள் குறித்துக்கொள்ள வேண்டியது அதே ஆய்வில் இன்னொன்று: படிப்படியாக, பிள்ளைகளே செய்து பழகும்படி, அதற்கென நேரம் ஒதுக்கி, இன்ன திறன் என்று குறிவைத்து நடத்தப்பட்ட திட்டங்கள்தான் நன்றாகப் பலன் தந்தன. செவ்வாய்க்கிழமை யோகாவை இந்த நாலு அளவுகோலில் எதில் வைத்து அளப்பது?

டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் மகிழ்ச்சிப் பாடத்திட்டம் தொடங்கியபோது அதைக் கேலி செய்தவர்கள் உண்டு. அதன் குறைகள் எத்தனையோ இருக்கட்டும். ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை தினமும் ஒரு பீரியட் அதற்கு ஒதுக்கினார்கள். கேரளத்தில் 2019இல் பள்ளிகளில் தண்ணீர் மணி அடிக்கத் தொடங்கினார்கள். மணி அடித்தால் எல்லாப் பிள்ளைகளும் தண்ணீர் குடிக்க வேண்டும். இதற்குப் பேனர் வேண்டாம், சிறப்பு விருந்தினர் வேண்டாம். ஒரு மணியும் ஒரு குழாயும் போதும்.

நம் பள்ளிகளின் அன்றாடத்தைப் பாருங்கள். "மிஸ், பாத்ரூம்" என்று எழுந்த பிள்ளையிடம் "இன்டர்வெல்லில் என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்று கேட்டு உட்கார வைக்கிறார்கள். அதனாலேயே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண் குழந்தைகள் வகுப்புக்கு வகுப்பு உண்டு. மதியம் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தால் நிரப்பியபடியே கனக்கும். பி.டி. பீரியடைக் கணக்கு மிஸ் எடுத்துக்கொள்கிறார். சாப்பாட்டு நேரம் இருபது நிமிடம். கை கழுவும் வரிசையில் அதில் பாதி போய்விடும். இந்த ஏற்பாட்டில் ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல், வருஷத்தில் ஐந்து நாள் கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொல்வதற்கு நல்வாழ்வு வாரம் என்று பெயர் வைக்கலாமா?

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் அண்மைக் காலத்தில் நடந்த மிகப் பெரிய நலப்பணி எது என்று என்னைக் கேட்டால், காலை உணவு என்பேன். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையிலிருந்து 31,008 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. திறப்பு விழாவில் படம் எடுத்தார்கள்தான். அரசியல்வாதிகள் எடுக்காமல் இருப்பார்களா? ஆனால் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை எட்டரை மணிக்கு ரவா கிச்சடியை ஊதி ஊதித் தின்னும் ஒன்றாம் வகுப்புப் பையன் யாருக்கும் நன்றிப் பாட்டுப் பாட வேண்டியதில்லை. முதல் பீரியடில் அவன் தலை டெஸ்கில் சாய்வதில்லை. அங்கே நலம் எது, படிப்பு எது என்று கோடு கிழிக்க முடியாது.

5. ஒன்றுமில்லாததற்கு இது மேல் இல்லையா?

மிகவும் நியாயமாக ஒலிக்கும் வாதம். எனவே மிகவும் ஆபத்தானதும்கூட. இந்த வாரம் காலி இடத்தில் வந்து உட்காரவில்லை. அது வருஷத்தின் மற்ற வாரங்களுக்குக் கணக்கு முடித்துவிடுகிறது. ஈகைக்கு ஒரு வாரம் ஒதுக்கியாயிற்று என்பதால், ஏப்ரலில் கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளையை ஆபீஸ் ரூம் வாசலில் நிறுத்திவைக்கும்போது பள்ளியின் மனசாட்சி உறுத்துவதில்லை. அந்தப் பிள்ளை நிற்பதைக் கடந்துதான் மற்றப் பிள்ளைகள் வகுப்புக்குப் போகிறார்கள். எந்தப் பாடம் மனதில் நிற்கும் என்று நினைக்கிறீர்கள்?

இதைவிடப் பெரிய சேதம் ஒன்று இருக்கிறது. பசி என்பது நல்லவர்கள் பொட்டலம் கொடுத்தால் தீரும் பிரச்சினை என்று பத்து வயதுக்குள் பிள்ளை நம்பிவிடுகிறது. இந்த மாநிலத்துப் பள்ளிகளின் வரலாறே அதற்கு மாறாக நிற்கிறது. 1920இல் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுக்கத் தொடங்கியது. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு மாநிலமெங்கும் பரவத் தொடங்கியபோது ஊராரின் நன்கொடையே அதற்கு அடித்தளம். கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைக் கூட்டி ஊர் ஊராகக் கொடை திரட்டினார். மகத்தான ஈகை அது. ஆனாலும் விளைச்சல் பொய்த்த வருஷம் ஊரின் கை சுருங்கும், பிள்ளையின் வயிறு சுருங்காது என்பதால் செலவில் அரசு பங்கேற்க வேண்டியிருந்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது அது அரசின் பொறுப்பாகவே நிலைபெற்றுவிட்டது. தானமாகத் தொடங்கியது உரிமையாக முடிந்த கதை இது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கதையாகச் சொன்னால் விளங்கக்கூடியதுதான். அதே ஊரில் இருந்துகொண்டு, கொடுத்தல் வாரம் அந்தக் கதையைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லிக்கொடுக்கிறது: உரிமையாக நோட்டு வாங்கும் பிள்ளையைப் பிடித்து மறுபடியும் தானம் வாங்க வைக்கிறது.

6. பிள்ளைகள் மகிழ்ச்சியாக இருக்கிறார்களே?

வேனில் எங்கே கூட்டிப்போனாலும் மகிழ்ச்சியாகத்தான் இருப்பார்கள். பொருட்காட்சிக்குக் கூட்டிப் போங்கள்.

7. அப்படியானால் கொடுக்கவே வேண்டாமா?

வேண்டும். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையிடம் அதனுடையது என்று சொல்லத்தக்கவை எவை என்று முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். பணம் இல்லை. நேரம் இருக்கிறது, கை இருக்கிறது, கொஞ்சம் எழுத்தும் எண்ணும் தெரியும். அதிலிருந்துதான் அது கொடுக்க முடியும்.

நான்காம் வகுப்புப் பிள்ளை வாரத்தில் இரண்டு நாள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்குக் கதை வாசித்துக் காட்டலாம். வாசிக்கிற பிள்ளைக்கு வாசிப்பு தேறும். கேட்கிற பிள்ளைக்கு ஓர் அக்காவோ அண்ணனோ கிடைப்பார்கள். அண்ணன் தம்பி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் என்று கவலைப்பட்டவர்களுக்கு இதைவிட நேரான மருந்து இருக்கிறதா?

அல்லது பள்ளி வளாகத்தில் ஒழுகும் ஒரு குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒழுகாத குழாய் உள்ள பள்ளி அபூர்வம். ஐந்தாம் வகுப்பு அதன் கீழே அளவுக் குவளையை வைக்கட்டும். நொடிக்கு ஒரு சொட்டு. இருபது சொட்டு சேர்ந்தால் சுமார் ஒரு மில்லி லிட்டர். அறுபதை அறுபதால் பெருக்கி, அதை இருபத்து நான்கால் பெருக்கினால் நாளுக்கு 86,400 சொட்டு. 4,320 மில்லி லிட்டர், அதாவது நாலேகால் லிட்டருக்கும் கொஞ்சம் கூட. விடுமுறை நாளையும் சேர்த்து மாதத்துக்கு எவ்வளவு? ஒரு பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை பாட்டில் குடிக்கிறது? கணக்கு முடிந்ததும் தலைமையாசிரியருக்குத் தமிழில் ஒரு விண்ணப்பம். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஒரு நகல். பெருக்கல், கடிதம், குடிநீர், ஊருக்கு உபகாரம் நாலும் ஒரே குழாயடியில் நடந்துவிடும். இதில் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று பிரிக்கவும் முடியாது. எல்லாரும் குடிக்கிற தண்ணீர்.

உடலுழைப்பு? இலங்கையில் பள்ளிச் சிரமதானம் தமிழ்ப் பிள்ளைகளும் நன்கு அறிந்த வழக்கம். ஜப்பானில் வகுப்பறையைப் பிள்ளைகளே கூட்டித் துடைக்கிறார்கள் என்று மேடைதோறும் சொல்கிறோம். இங்கே அதைச் செய்யும்போது கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். துடைப்பம் எந்தப் பிள்ளையின் கைக்குப் போகிறது என்பதைச் சாதி பார்த்து முடிவு செய்யும் ஊர்கள் நம்முடையவை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்த செய்திகளை வருஷந்தோறும் படிக்கிறோம். சட்டம் போட்டு முறை வைத்து, மருத்துவர் மகனும் தலைமையாசிரியரும் தங்கள் முறையில் வகுப்பறையைக் கூட்டத் தயார் என்றால் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அந்தப் பேச்சே வேண்டாம். கழிப்பறை எந்த நாளும் பிள்ளைகளின் வேலை கிடையாது.

முதியோர் இல்லம் பக்கத்தில் இருந்தால், நாற்பது பேர் வேனில் போக வேண்டாம். ஐந்து பிள்ளைகள் மாதம் ஒருமுறை நடந்து போகட்டும். போகிற ஐவர் வருஷம் முழுக்க அதே ஐவராக இருக்கட்டும். கையில் ஒன்றும் கொண்டுபோக வேண்டாம். பல்லாங்குழி எப்படி ஆடுவது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வரட்டும். கற்றுக்கொடுக்க அந்தப் பாட்டிகளிடம் நிறைய இருக்கிறது. இதுவரை அவர்களிடம் கேட்காமல், பிஸ்கட்டையே நீட்டிக்கொண்டிருந்தோம்.

8. ஆசிரியருக்கு நேரம் எங்கே?

எஞ்சி நிற்கும் ஆட்சேபம் இதுதான். எடுத்துச் சொல்ல ஆசிரியர்களுக்கு முழு உரிமை உண்டு. பாடம், வினாத்தாள் திருத்தம், பதிவேடு, இணையத்தில் ஏற்ற வேண்டிய விவரங்கள் என்று ஏற்கெனவே கழுத்துவரை வேலை.

ஆனால் கொடுத்தல் வாரம் யார் நேரத்தில் நடக்கிறது? சர்க்குலர் எழுதுவது, பெற்றோருக்கு மூன்று முறை நினைவூட்டுவது, கொண்டுவராத பிள்ளைகளின் பட்டியல் எடுப்பது, பொட்டலங்களை எடைபோட்டு வகுப்புவாரியாக எழுதுவது, பாட்டுக்கு ஒத்திகை பார்ப்பது, பெற்றோரிடம் வேனுக்கு ஒப்புதல் கடிதம் வாங்குவது, அறுபது சான்றிதழ்களில் பெயர் எழுதுவது, அதில் எழுத்துப்பிழை என்று வரும் அம்மாவுக்கு மாற்றுச் சான்றிதழ் எழுதுவது, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படங்களுக்குக் குறிப்பு எழுதுவது. இவ்வளவும் அதே ஆசிரியையின் தலையில்தான் விழுகிறது. வாரத்தை ரத்து செய்தால் இந்த மணிநேரங்கள் அவருக்குத் திரும்பக் கிடைக்கும். வாரத்துக்கு இரண்டு நாள் இருபது நிமிடக் கதை வாசிப்பை மேற்பார்வை பார்க்க அது தாராளம். பிளெக்ஸ் பேனருக்கும் கேடயத்துக்கும் ஒதுக்கிய காசில் அந்தக் குழாய்க்கு ஒரு வாஷர் வாங்கிப் போடலாம். மீதியைக் கட்டண பாக்கிக்காக ஆபீஸ் ரூம் வாசலில் நிற்கும் பிள்ளையின் கணக்கில் வரவு வைக்கலாம். ரசீதை அந்த வீட்டுக்கு மட்டும் அனுப்பினால் போதும்.